சட்டி மாறிய கதை: பல்லாவரம் முதல் தாம்பரம் வரை

குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது ஒரு தோல் ஆலை என்பது அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரியும். 1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் அது. குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்த்து வழி திறந்துவிட்டவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர். அதே சாட்டர்டன் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1898-ல், இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் சென்னை ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில், பித்தளை வேலை செய்யும் கன்னார்களை வைத்து அலுமினியத் தகட்டில் சட்டி பானை அடிக்கச் சொன்னார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் பிறந்தது அந்தப் பட்டறையில்தான்.

தோல் ஆலை ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது. அலுமினியம் பெயர் எதையும் கேட்காமல் பல்லாவரம், பம்மல், தாம்பரம் என்று ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்குள்ளும் புகுந்துகொண்டது. அது வந்து உட்கார்ந்த இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது, அதன் பின் என்ன வந்தது என்று பார்த்தால், தென்சென்னைப் புறநகரின் சாப்பாட்டு வரலாறே ஓரளவு கிடைத்துவிடும்.

தொடக்கம் மண்ணில்தான். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்த செய்தி பாடப்புத்தகத்தில் உண்டு. அதே வட்டாரத்தில் 1880களின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அத்தகைய பேழையைப் பார்க்கலாம். ஓர் ஆளைக் கிடத்தும் அளவுக்குப் பெரிய மண் தொட்டியை வெடிக்காமல் சுடத் தெரிந்தவர்களுக்கு, குழம்புச் சட்டி செய்வது பெரிய காரியமாக இருந்திருக்காது. இரும்புக் காலத்தவர் புதைகுழிகளில் வைத்த கறுப்பு–சிவப்பு மட்கலங்களில் கிண்ணமும் வட்டிலும் பானையுமே அதிகம்.

சங்க காலத்தில் இது தொண்டை நாடு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, கரிய அகலில் அப்பம் சுட்டு விற்கும் வணிகர்களைக் காட்டுகிறது. பாகு சேர்த்துச் சுட்ட அந்த வட்ட அப்பம் பாலில் கிடப்பதையும் புலவர் பார்த்திருக்கிறார். ஒரு பண்டமும் அதற்கென்று ஒரு சட்டியும் சேர்ந்தே இந்தப் பகுதியின் இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. இன்றைக்கும் கார்த்திகைக்கு வெல்ல அப்பம் வார்க்க அப்பக்குழியைத் தேடுகிற வீடுகள் தாம்பரத்தில் இருக்கின்றன.

தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. இரும்புலியூர், பீர்க்கன்காரணை, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பல்லாவரம் பெரிய ஏரி என்று வரிசையாகச் சொல்லலாம். ஏரி இருந்தால் வண்டல் இருக்கும். வண்டல் இருந்தால் சக்கரம் சுழலும். நீலாங்கரை, கோவளம் பக்கத்திலிருந்து கூடையில் வரும் மீனுக்கு மண்சட்டிதான் ஜோடி. புளிக்கு மண் எதிர்வினை காட்டாது. சூடும் மெதுவாக ஏறி மெதுவாகவே இறங்கும். காலையில் இறக்கிய குழம்பு சாயங்காலம் வரை சட்டியிலேயே இருந்து காரமும் புளிப்பும் மீனுக்குள் இறங்கியிருக்கும். மறுநாள் மீன்குழம்புக்குத் தனி மரியாதை கிடைத்ததில் சட்டிக்கும் பங்கு உண்டு.

ஆடி மாதத்தில் இந்தப் பகுதியின் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போதும் மண்பானைதான் முன்னால் நின்றது. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் துணைக்கு வரும். இன்று பெரும்பாலும் எவர்சில்வர் அண்டாவிலோ அலுமினிய அண்டாவிலோதான் கூழ் காய்ச்சுகிறார்கள். புளித்த கூழை வைக்க மட்டும் பானை கேட்கும் ஊர்க்காரர்கள் உண்டு. பானை வியர்த்துக் கூழைக் குளுமையாக வைத்திருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

மண்ணுக்கு அடுத்தது இரும்பு. பழைய வீட்டு இருப்புச்சட்டி, கொல்லன் பட்டறையில் அடித்த தகட்டிலோ வார்ப்பிலோ வந்தது. வெண்டைக்காய் வதக்கவும், கருணைக்கிழங்கு வறுக்கவும், மிளகாய் வற்றல் வறுக்கவும் அதை விட்டால் வேறில்லை. வாழைக்காயையும் வாழைப்பூவையும் அதில் போட்டால் கறுத்துப்போகும். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதனால்தான் வாழைப்பூவை மோரில் போட்டு எடுத்து வேறு பாத்திரத்தில் சமைத்தார்கள். வற்றல் குழம்பை இருப்புச்சட்டியில் வைத்தவர்கள்கூடக் கொதித்ததும் மாற்றிவிடுவார்கள். இரவு முழுக்கப் புளி இரும்பில் கிடந்தால் குழம்பில் துரு வாசம் அடிக்கும்.

புளிக்கென்றே ஒரு சட்டி உண்டு. சேலம் வட்டாரத்து மாக்கல்லைக் கடைந்து செய்த கல்சட்டி. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையான கல் அது. ஆனால் பக்குவப்படுத்திவிட்டால் தலைமுறை தாண்டும். வாங்கி வந்ததும் அடுப்பில் ஏற்றக் கூடாது. சோறு வடித்த சுடுகஞ்சியை நாள்தோறும் ஊற்றி வைத்து, பிறகு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, சிறு தணலில் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் ‘பட்’டென்று விரிசல் விடும். இறக்கி வைத்த பின்னும் சிறிது நேரம் குழம்பு கொதித்துக்கொண்டே இருப்பதால், கீரை மசியலும் வத்தக்குழம்பும் அடுப்பை அணைத்த பிறகே முழுப் பக்குவத்துக்கு வரும். எப்போது அணைப்பது என்பதுதான் கல்சட்டிக்காரியின் கைத்திறன்.

ஈயச்சொம்பு இன்னும் நுட்பமானது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். விறகடுப்பின் தீ அதைவிட எத்தனையோ மடங்கு சூடானது. சொம்புக்குள் தண்ணீர் இருக்கும்வரை உலோகம் நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும் என்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், முதலில் தாளிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். புது மருமகள் காலிச் சொம்பை அடுப்பில் வைத்து, அது ஒழுகி ஓடிய கதை பல குடும்பங்களில் உண்டு. தாளிப்பு தனியாக இரும்புக் கரண்டியில் நடக்கும்.

வெண்கலப் பானையில் பொங்கல், வெண்கல உருளியில் தவலை அடை என்று அடுத்த வரிசை. அரிசியும் பருப்பும் ரவையாக உடைத்த கெட்டி மாவை உருளியில் எண்ணெய் விட்டுக் கனமாக ஊற்றி மூடிவைத்தால், அடியில் பொன்னிறமாக மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சு போன்ற மென்மையும் ஒரே அடையில் கிடைக்கும். தஞ்சைப் பக்கத்துப் பலகாரம் இது. வேலைக்காகவும் ஓய்வுக்குப் பின்னும் குரோம்பேட்டை, நங்கநல்லூர், தாம்பரத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் உருளியோடு சேர்த்து அதையும் கொண்டுவந்தன. மேற்கே காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் குடலை இட்லியைக் கொண்டுவந்தார்கள். மிளகும் சுக்கும் சீரகமும் போட்ட மாவை, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது வரதராஜப் பெருமாள் கோயில் வழக்கம். அதற்குப் பாத்திரமே மூங்கில்தான்.

செம்பும் பித்தளையும் வீட்டுக்குள் இருந்தவரை தெருவில் ஒருவர் நடமாட்டமும் இருந்தது: ஈயம் பூசுகிறவர். வாசலில் சின்னப் பள்ளம் தோண்டி, கரியைக் கொட்டி, துருத்தியைப் பதித்துவிட்டால் கடை தயார். பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். தீயில் காட்டிச் சூடேறியதும் நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பி மூக்கை எரிக்கும். அந்தக் கணமே ஈயக் குச்சியைத் தொட்டு இழுத்து, பஞ்சால் ஒரே சுற்றில் உள்பக்கமெல்லாம் துடைத்துவிடுவார். மங்கலாக இருந்த பித்தளை அடுத்த நொடி வெள்ளியாக மின்னும். வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். இந்தப் பூச்சு தேய்ந்துபோனால் புளிபட்ட இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அது வயிற்றுக்கு ஆகாது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் வந்தே ஆக வேண்டும்.

இந்தப் புறநகரில் வேறொரு சமையலும் இருந்தது. பல்லாவரமும் பரங்கிமலையும் கன்டோன்மென்ட் ஊர்கள். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் குடியிருந்த வெட்டரன் லைன்ஸ் இன்னும் பல்லாவரத்தில் அதே பெயரில் இருக்கிறது. அங்கேயும் பரங்கிமலையிலும் தழைத்த ஆங்கிலோ–இந்தியக் குடும்பங்கள், தேங்காய்ப்பாலில் மஞ்சள் சோறும் கோளாக் குழம்பும் ஞாயிறு சமையலாக வைத்திருந்தன. கிறிஸ்துமஸ் வந்தால் ரோஸ் குக்கி. நீண்ட கம்பியில் பூ வடிவ இரும்பு அச்சு. அதை எண்ணெயில் காய்ச்சி, மாவில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கினால் பூ கழன்று மிதக்கும். அச்சு காயாவிட்டால் மாவு ஒட்டாது. நம் வீடுகளில் அச்சு முறுக்கு என்று சுடுவதும் இதே அச்சில், ஏறக்குறைய இதே மாவில்தான். தீபாவளிக்கு ஒரு வீட்டில், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் என்று ஒரே அச்சு கைமாறியிருக்கும்.

ஈயம் பூசுகிறவருக்கு வீடுகளைவிடப் பெரிய வாடிக்கை, கூட்டத்துக்குச் சமைத்த இடங்களில் கிடைத்தது. கல்யாண பிரியாணிக்குச் செம்புத் தேக்சா என்னும் பெரிய அண்டா. அடியில் விறகு, மூடியின் மேல் தணல், விளிம்பைச் சுற்றி மைதா மாவு. ‘தம்’ என்பது அவ்வளவுதான். செம்பு சூட்டைச் சீராகப் பரப்புவதால் அடிபிடிப்பது குறைவு. தக்காளியும் தயிரும் எலுமிச்சையும் சேரும் சமையல் என்பதால், ஈயம் பூசாத தேக்சாவை விவரம் தெரிந்த பண்டாரி (சமையல்காரர்) தொடமாட்டார்.

இந்த இடத்தில்தான் சாட்டர்டனின் அலுமினியம் நுழைந்தது. 1886-ல் கண்டுபிடித்த மின்பகுப்பு முறையால் உலகச் சந்தையில் அலுமினியம் மலிந்திருந்தது. இறக்குமதித் தகட்டை வாங்கிச் சென்னைக் கன்னார்களிடம் கொடுத்தால் நசிந்துவரும் கைத்தொழிலுக்கு ஒரு பிழைப்பு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 1900-ல் இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவானது. 1903-ல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸின் அலுமினியப் பிரிவு அதன் கைக்குப் போனது. புதுப் பாத்திரத்துக்கு எடை குறைவு, சூடு சீக்கிரம் ஏறும், எல்லாவற்றுக்கும் மேலாக ஈயம் பூச வேண்டாம். கன்னாருக்கு வேலை கொடுக்க வந்த உலோகம், ஈயம் பூசுகிறவரின் வேலையைப் பறித்தது. புளிக்குழம்பு வைத்தால் அலுமினியம் அரிக்கும் என்பதைப் பாட்டிகள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். அதனால் சோற்றுக்கும் வெந்நீருக்கும் பாலுக்கும் அலுமினியம், குழம்புக்கு மண் அல்லது கல் என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. அந்தச் சமரசம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது.

1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் ஊரின் முகம் மாறியது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. மாம்பலத்தில் வேலை, குரோம்பேட்டையில் வீடு என்று வாழ்க்கை அமைந்தவர்களுக்கு ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடை, வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் கடையாகிவிட்டது. 1960களிலும் 70களிலும் அந்தக் கடைகளை நிரப்பியது எவர்சில்வர். அதைத் துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். குரோம்பேட்டையின் பெயரில் இருக்கும் அதே உலோகம், தோலை விட்டுவிட்டு டம்ளரிலும் தட்டிலும் ஊருக்குத் திரும்பி வந்தது.

எவர்சில்வர் கௌரவச் சின்னமாகவும் ஆனது. கடை வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து, உளியால் ‘டக் டக்’கென்று புள்ளிகளாகத் தட்டிப் பெயர் வெட்டித் தருவார். யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது, எந்தத் தேதி என்பதெல்லாம் குடத்தின் கழுத்தில் பதிவாகிவிடும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் கூடைக்காரம்மா மதிய வேளைகளில் தெருவுக்குள் வருவார். பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள் ஏராளம். அப்படிக் கைவிட்டவற்றில் ஒரு பகுதி இன்றும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அகப்படுகிறது. மாட்டுச் சந்தையாகத் தொடங்கி இரு நூற்றாண்டுகளைக் கடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சந்தையில், செடி நாற்றுக்கும் பழைய ஃபேனுக்கும் நடுவே நசுங்கிய தவலையும் காலொடிந்த பணியாரச் சட்டியும் சாக்கில் பரப்பியிருக்கும்.

எவர்சில்வருக்கு ஒரு குறை உண்டு. சூடு ஓரிடத்தில் குவிந்து அடிபிடிக்கும். அதற்கு மருந்தாகத்தான் அடியில் செம்புப் பூச்சு கொடுத்த பாத்திரங்கள் வந்தன. ஆனால் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்தது பிரஷர் குக்கர். 1959-ல் பிரெஸ்டீஜும் ஹாக்கின்ஸும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நான்கு விசிலில் சோறு வெந்துவிடும். அளவுத் தண்ணீர் வைப்பதால் வடிக்கவும் வேண்டாம். அங்கேதான் ஒரு சங்கிலி அறுந்தது. வடிக்காத வீட்டில் கஞ்சி இல்லை. புது மண்சட்டியைப் பழக்கவும், கல்சட்டியைப் பக்குவப்படுத்தவும், இரும்புச் சட்டியைத் தேய்த்து எடுக்கவும் நாள்தோறும் இலவசமாகக் கிடைத்துவந்தது அந்தக் கஞ்சிதான்.

அடுத்து அறுந்த கண்ணி விறகடுப்பு. மூன்று குமிழ் வைத்த மண்ணடுப்புக்கு உருண்ட அடிப் பாத்திரம் வாகாக உட்காரும். கேஸ் அடுப்புக்குத் தட்டையான அடி வேண்டும். சிலிண்டர் நடுத்தர வர்க்கத்துக்கு முதலில் வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பு, ஏழை வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோனது. புகையிலிருந்து பெண்களுக்குக் கிடைத்த விடுதலை பெரிது. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. கூடவே சாம்பலும் போனது. பித்தளையை விளக்கச் சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் வேண்டும். சோப்புக் கட்டி அந்த வேலையைச் செய்யாது. இந்தியாவில் 1968-லேயே நான்ஸ்டிக் தவாவை நிர்லெப் கொண்டுவந்துவிட்டது என்றாலும், தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் அது குவிந்தது கேஸ் அடுப்பு பரவிய பின்புதான். பக்குவப்படுத்தவே வேண்டாத தோசைக்கல் என்றதும் ஜனம் மயங்கியது.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்தில் பட்டர்ஃபிளை தொழிற்சாலை இருக்கிறது. குக்கரும் மிக்ஸியும் அடுப்பும் செய்து தென்னிந்தியச் சமையலறைகளைப் பிடித்த அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2022-ல் கிராம்டன் வாங்கியது. 1898-ல் கையால் தட்டி அடித்த சட்டி, இன்று இந்தப் புறநகர் வளையத்தில் பங்குச் சந்தைச் சரக்காகியிருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளாகக் காற்று திரும்பியிருக்கிறது. நான்ஸ்டிக் பூச்சு உரிவதைக் கண்டு பயந்தவர்கள் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லையும் மண்சட்டியையும் தேடுகிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பும் இரும்புக்குக் கைகொடுத்தது. வெண்கலம், ஈயம், மாக்கல், மண் எதையும் ஏற்காத அந்த அடுப்பு இரும்பை மட்டும் உடனே ஏற்றுக்கொள்ளும். ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் மண்பாண்டம் பரப்பிய கடைகள் பொங்கலுக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுக்க நிற்கின்றன. 2024-ல் ஏரி, குளங்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுத்துக்கொள்ள மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் தாம்பரத்து ஏரிகளின் கரைவரை வீடுகள் வந்துவிட்ட பிறகு, சக்கரத்தையும் சூளையையும் எங்கே வைப்பது என்பது வேறு கேள்வி.

பலரும் சட்டியை வாங்குகிறார்கள். அதைச் சுற்றி இருந்த ஏற்பாட்டை மறந்துவிடுகிறார்கள். கஞ்சி, சாம்பல், கொல்லன், துருத்தியோடு வரும் ஈயக்காரர் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பித்தளைப் பானையை அறுபது வருஷம் ஓட்டின. அவற்றில் எதுவும் இல்லாத வீட்டில் அந்தப் பானை ஆறு மாதத்தில் களிம்பேறிப் பரணுக்குப் போகும். ‘பாரம்பரியம்’ என்று ஒட்டி ஆயிரக்கணக்கில் விற்கும் கல்சட்டி முதல் நாளே விரிந்துபோவதற்கும் காரணம் கல்லின் தரம் மட்டுமே என்று சொல்ல முடியாது.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்கலாம். ஈயச்சொம்பும் ஈயப் பூச்சும் சுத்த வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் அது நஞ்சு. கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் தயங்கி வந்தால் வாங்காதீர்கள். பித்தளை, செம்பு எதுவானாலும், ஈயம் பூச ஆள் எங்கே கிடைப்பார் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். அவரிடம் ஓர் ஆண்டு வேலையைக் கொடுத்தால் அவர் பிள்ளையும் அந்தத் தொழிலில் நிற்கக்கூடும். வாரத்தில் ஒரு நாளாவது குக்கரை ஒதுக்கிவிட்டுச் சோற்றை வடியுங்கள். அந்தக் கஞ்சியைக் கொட்டாமல், புதிதாக வாங்கிய சட்டியில் ஊற்றி வையுங்கள்.